எழுத்தும் மையும்: வாசகர் கேள்வி பதில்

மீம்களில் வெள்ளையாக, கறுப்புக் கரை கட்டி வருகிறதே ஒரு தடித்த ஆங்கில எழுத்து, அதன் பெயர் என்ன? மீம்ஸுக்காகவே செய்ததா?
– கல்லூரி மாணவி, தென்காசி

பெயர் இம்பாக்ட். உங்களைவிட, ஏன் என்னைவிடவும், வயதில் மூத்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஈய எழுத்து வார்த்துக்கொண்டிருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் நிறுவனம் 1965-ல் வெளியிட்டது. வரைந்தவர் ஜெஃப்ரி லீ, விளம்பரத் துறைக்காரர். கொடுத்த இடத்தில் எவ்வளவு மை அப்ப முடியுமோ அவ்வளவையும் அப்ப வேண்டும் என்பதுதான் அவர் போட்ட கணக்கு.

பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும். நுனிகளில் கொக்கியோ வாலோ கிடையாது. தூண் மாதிரி கோடுகள், நடுவில் கீறல் போல வெள்ளை. சின்ன எழுத்துகள் பெரிய எழுத்தின் தோள்வரை வந்துவிடும். மேலே நீட்டுவதும் கீழே தொங்குவதும் குறைவு, அதனால் இரண்டு வரியைச் செங்கல் போல நெருக்கி அடுக்கலாம்.

1996-ல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்கென்று இலவசமாகக் கொடுத்த எழுத்துருக்களில் வெர்டானா, ஜார்ஜியாவோடு இதுவும் இருந்தது. எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் கிடந்த தடி எழுத்து என்பதால் மீம் போடுகிறவர்கள் கையில் சிக்கியது. வெள்ளை எழுத்துக்குக் கறுப்புக் கரை கட்டிவிட்டால் பின்னால் வானம் இருந்தாலும் இருட்டு இருந்தாலும் படிக்கலாம். கரையை எழுத்துக்கு வெளிப்பக்கம் போடுங்கள். உள்பக்கம் போட்டால் அது எழுத்தையே தின்றுவிடும்.

மளிகைக் கடைக்கு நோட்டீஸ் அடித்தேன். போன் நம்பரில் 8-ம் 6-ம் கறுப்பு உருண்டையாக விழுந்திருக்கின்றன. பிரஸ்காரர் ஃபான்ட் மேல் பழி போடுகிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகர், காரைக்குடி

நோட்டீஸை இணைத்து அனுப்பியிருந்தீர்கள், நன்றி. பிரஸ்காரர் சொல்வது பாதி சரி. நம்பர் இம்பாக்டில் இருக்கிறது, உயரம் எட்டு பாயிண்ட் தேறினால் அதிகம். போதாததற்கு, டைப் செய்தவர் போல்டு பொத்தானையும் அமுக்கியிருக்கிறார்.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். டிடிபி கடை வைத்த புதிதில் ஒருவருக்கு ஆயிரம் விசிட்டிங் கார்டு. திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அட்டகாசமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். கட்டுப் பிரித்தால், 8 என்பது இரண்டு எள்ளுருண்டையை ஒன்றின் மேல் ஒன்று வைத்தது போல இருந்தது. அவர் கார்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், "தம்பி, இது எட்டா, மூணா?" என்றார். கைக்காசு போட்டு மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

விண்டோஸோடு வரும் இம்பாக்டுக்குத் தனியாகப் போல்டு கிடையாது. அதுவே போல்டுதான். நீங்கள் பொத்தானை அமுக்கினால் கம்ப்யூட்டர் தானாக ஓரங்களில் சதை வைக்கிறது. 8-ன் வயிற்றில் இருந்த கொஞ்சநஞ்ச ஓட்டையும் அடைகிறது. அப்புறம் ஆஃப்செட்டில் மை கொஞ்சம் பரவத்தான் செய்யும், அதுவும் நோட்டீஸுக்குப் போடும் மட்டமான தாளில் கேட்கவே வேண்டாம்.

கடைப் பெயருக்கு இம்பாக்ட் இருக்கட்டும், பெரிதாக. 18 பாயிண்டுக்குக் கீழே நான் அதைத் தொடுவதில்லை. நம்பருக்கு ஏரியல் போல்டு போதும். இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் வெர்டானா. அகலமாக உட்காரும், ஆனால் ஓட்டைகள் திறந்திருக்கும்.

இம்பாக்டைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் டைப் செய்தால் எழுத்து மாறுவதே இல்லை. தமிழ் இம்பாக்ட் எங்கே கிடைக்கும்?
– ஃப்ளெக்ஸ் டிசைனர், வேலூர்

இம்பாக்டில் தமிழ் எழுத்தே இல்லை. அதனால் விண்டோஸ் சத்தமில்லாமல் தன்னிடம் இருக்கும் லதா, நிர்மலா என்ற எழுத்துருக்களில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. அதே குணம் வேண்டுமென்றால் அனேக் தமிழ் பாருங்கள். இலவசம். அதில் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். ஒடுக்கமாகவும் தடியாகவும் வைத்தால் இம்பாக்டுக்குப் பக்கத்துவீடு. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் இன்னொன்று, அதன் மிகத் தடித்த வகை தலைப்புக்கு நன்றாக நிற்கும்.

தயவுசெய்து சாதாரண எழுத்தை எடுத்து இரண்டு பக்கமும் அமுக்கி ஒடுக்காதீர்கள். அகலத்தை 60 சதவீதமாக்கினால் நிற்கிற கோடுகள் மட்டும் இளைக்கும், படுத்த கோடுகள் பழைய தடிமனிலேயே இருக்கும். ஒல்லிக் காலில் பெரிய இடுப்பு. அதைச் சரிக்கட்ட மேலே ஒரு அவுட்லைன் வேறு போடுவீர்கள், சுழிகள் எல்லாம் அடைந்துபோகும். ஆங்கில ஓவுக்கு ஒரு ஓட்டைதான். நம் ண-வுக்கு மூன்று சுழி, அதில் ஒன்று அடைந்தால் தூரத்தில் இருப்பவருக்கு அது ன. எங்கள் தெருமுனை மண்டப வாசலில் போன மாதம் அப்படி அமுக்கிய பத்தடி பேனர் ஒன்று நின்றது. பஸ்ஸில் இருந்து படித்தேன்: "மனமக்களை வாழ்த்த வாரீர்". இறங்கிக் கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எழுதியவர் மூன்று சுழிதான் போட்டிருக்கிறார்.