மூச்சை எண்ணுறதுல மட்டும் அவசரம் வேண்டாம் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆன்டி,

நான் தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வர்த் பொண்ணு, போன வருஷம் நர்சிங் டிகிரி முடிச்சேன். ஜனவரில இருந்து குவாசுலு-நட்டால் வடக்குல ஒரு டிஸ்ட்ரிக்ட் ஹாஸ்பிட்டல்ல கம்சர்வ் (படிப்பு முடிச்சதும் கட்டாயமா செய்ற ஒரு வருஷ சமூக சேவை வேலை), மெடிக்கல் வார்டு. நான் ரொம்ப ஸ்லோ ஆன்டி. எல்லாரும் மருந்து ரவுண்ட் முடிச்சு டீ குடிக்கப் போறப்போ நான் பாதிலதான் நிக்கிறேன். எல்லார் முன்னாடியும் ஒரு சிஸ்டர் "நீ இந்த வேலைக்கு லாயக்கில்ல"ன்னுட்டாங்க. நைட் டூட்டில டாக்டருக்கு போன் பண்ணவே கை நடுங்குது. தைப்பூசக் காவடிக்குக் கூட ஆஃப் கிடைக்கல, அம்மா போன்ல அழுதாங்க. தப்பான படிப்பு படிச்சிட்டேனா? (பேர் போடாதீங்க. தமிழ் தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க, வீட்ல பேசுற மாதிரிதான் டைப் பண்றேன்.)

அன்புள்ள மகளுக்கு,

தப்பான படிப்பு இல்லம்மா. எல்லார் முன்னாடியும் அப்படி பேசுனதுதான் தப்பு, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனா நீ ஸ்லோவா இருக்கிறதைப் பத்தி மட்டும் நான் கவலைப்படல. முதல் வருஷத்துல ஸ்லோவா இருக்கிற நர்ஸை விட வேகமா இருக்கிற நர்ஸைப் பார்த்தாதான் எனக்கு பயம், ஏன்னா அந்த வேகம் எங்கேயோ எதையோ விட்டுட்டு வந்த வேகமா இருக்கும்.

பெரும்பாலும் விடுறது எது தெரியுமா, மூச்சு. பிபி, பல்ஸ், சாட்டுரேஷன் (ரத்தத்துல இருக்கிற ஆக்சிஜன் அளவு) எல்லாம் மெஷினே காட்டிடும், மூச்சை மட்டும் ஒரு ஆள் நின்னு எண்ணணும், அதனால சார்ட்டை எடுத்துப் பாரு, வார்டுல இருக்கிற அத்தனை பேருக்கும் 18, 20, 18, 20ன்னு எழுதியிருக்கும். அத்தனை பேரும் ஒரே மாதிரியா மூச்சு விடுவாங்க? நெஞ்சுல கிருமி பரவினாலோ, சுகர் ஏறி ரத்தத்துல ஆசிட் கூடினாலோ உடம்பு முதல்ல செய்ற வேலை மூச்சை வேகமாக்குறதுதான். பிபி உடனே விழாது, இதயம் வேகமா அடிச்சு, ரத்தக்குழாய் சுருங்கி, எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் உடம்பு அதைத் தாங்கிப் பிடிக்கும், அது விழுறப்போ நமக்குக் கையில நேரம் இருக்காது. சும்மா படுத்திருக்கிற பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12ல இருந்து 20 வரைக்கும் சரி. காலைல 18 இருந்தவங்களுக்கு சாயங்காலம் 28ன்னா, மெஷின் பிபி நல்லாயிருக்குன்னு காட்டினாலும் அவங்க நல்லாயில்ல. முழுசா ஒரு நிமிஷம் எண்ணு, நாடி பிடிக்கிற மாதிரி மணிக்கட்டுல கைய வச்சுக்கிட்டே எண்ணு, எண்ணுறது தெரிஞ்சா மூச்சு மாறிடும். பெட்ஷீட் மாத்துறது, டிராலி அடுக்குறது இதெல்லாம் கை பழகப் பழக தானா வேகம் வந்திடும், இந்த ஒரு நிமிஷத்தை மட்டும் யாருக்காகவும் குறைச்சுக்காதே.

போன் விஷயம். பயம் வர்றது என்ன சொல்றதுன்னு தெரியாததாலதான், அதனால எடுக்கிறதுக்கு முன்னாடி பேப்பர்ல எழுதிக்கோ. "டாக்டர், மெடிக்கல் வார்டுல இருந்து சிஸ்டர் இன்னார் பேசுறேன். 54 வயசு ஆள், நிமோனியா, ரெண்டாவது நாள். காலைல மூச்சு 18, இப்ப 30. ஆக்சிஜன் போட்டும் சாட்டுரேஷன் 89. ஆள் குழம்பிப் பேசுறார். நீங்க வந்து பார்க்கணும்." இவ்வளவுதான். கடைசி வாக்கியத்தை முழுங்கிடாதே, நிறைய பேர் விவரம் எல்லாம் சொல்லிட்டு என்ன வேணும்னு கேட்காமலே வச்சிடுவாங்க. தூக்கத்துல இருந்து எழுந்தவர் கோபமா பேசலாம், பேசட்டும், நீ கூப்பிட்ட நேரத்தையும் அவர் சொன்னதையும் நோட்ஸ்ல எழுது. வரலைன்னா அடுத்த சீனியரைக் கூப்பிடு.

மருந்து ரவுண்ட்ல நீ பின்தங்குறது ஒவ்வொரு பேரையும் கைப்பட்டையோட ஒத்துப் பார்க்கிறதாலன்னா அப்படியே இரு. ஷெட்யூல் 6 ரிஜிஸ்டர்ல (மார்ஃபின் மாதிரி கட்டுப்பாடு உள்ள மருந்துகளோட கணக்குப் புத்தகம்), மார்ஃபின் எடுக்கிறப்போ, கண்ணால பார்க்காததுக்கு சாட்சிக் கையெழுத்து போடவே போடாதே, யார் அவசரப்படுத்தினாலும் சரி.

பேஷண்ட்டுக்குப் போட்ட ஊசி உன் கைல குத்திட்டா வெட்கப்பட்டு மறைக்காதே. சோப்பு தண்ணில கழுவிட்டு உடனே சொல்லி பெப் (எச்ஐவி தொத்தாம இருக்க சாப்பிடுற மருந்து) ஆரம்பி. 72 மணி நேரம்ங்கிறது கடைசி எல்லை, அதுவரைக்கும் காத்திருக்கலாம்னு அர்த்தம் இல்ல, முதல் சில மணி நேரத்துலயே போட்டுடணும், 28 நாள் விடாம சாப்பிடணும். டிபி இருக்கலாம்னு சந்தேகப்படுற பேஷண்ட் கிட்ட என்95 இல்லாம போகாதே, ஜன்னலைத் திறந்து வை.

இன்னொண்ணு. உன் தோள்ல மெரூன் எப்பாலெட் (ரிஜிஸ்டர்டு நர்ஸோட தோள்பட்டை அடையாளம்) இருக்கு, அதனால உன்னை ஷிஃப்ட்டுக்குப் பொறுப்பா நிறுத்துவாங்க, ஆனா அதே வார்டுல பல வருஷமா இருக்கிற என்ரோல்டு நர்ஸ் (உன்னை விடக் குறைஞ்ச படிப்பு படிச்ச நர்ஸ்) அம்மாக்களுக்கு உன்னை விட அதிகம் தெரியும். அவங்க "இந்த கோகோ (சுலுல பாட்டி) இன்னைக்கு சரியில்ல"ன்னு சொன்னா கையில இருக்கிறதை விட்டுட்டுப் போய்ப் பாரு. சுலுவும் அவங்க கிட்டயே கத்துக்கோ. "குபுஹ்லுங்கு குபி?"ன்னு, எங்க வலிக்குதுன்னு, நீயே கேட்டு அந்தப் பாட்டி நேரா உனக்குப் பதில் சொல்றது, நடுவுல ஒருத்தரை வச்சு கேட்கிற மாதிரி இருக்காது.

அம்மாகிட்ட சொல்லு, தைப்பூசம் போனா சித்திரைப் பருவக் காவடி இருக்கு. ஆஃப்-டியூட்டி (யாருக்கு எந்த ஷிஃப்ட், எப்ப லீவுங்கிற பட்டியல்) போடுறதுக்கு முன்னாடியே ரிக்வெஸ்ட் புக்ல எழுதிடு, யாரோடயாவது ஈஸ்டர் ஷிஃப்ட்டை மாத்திக்கிறேன்னு சொன்னா இன்னும் சுலபம்.

கடைசியா, நீ கேட்கல, ஆனா சொல்லணும். இந்த ஒரு வருஷம் முடிஞ்சாதான் நர்சிங் கவுன்சில்ல முழு ரிஜிஸ்ட்ரேஷன், ஆனா அது முடிஞ்சதும் அதே ஹாஸ்பிட்டல்ல போஸ்ட் இருக்கும்னு எந்த உறுதியும் கிடையாது. இதுல நம்ம புள்ளைங்க நிறைய பேர் ஏமாந்து டிசம்பர்ல தவிக்கிறாங்க, பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கு. ஜூன், ஜூலைலயே இஸட்83 (Z83, அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கிற) ஃபார்மும் சிவியும் ரெடி பண்ணி வை, அரசாங்க வேக்கன்சி சர்க்குலரைப் பாரு, பிரைவேட்லயும் போடு, உன் வேலையைக் கண்ணால பார்த்த ஓஎம் (வார்டு பொறுப்பாளரான ஆபரேஷனல் மேனேஜர்) கிட்ட ரெஃபரன்ஸுக்குப் பேர் போடலாமான்னு இப்பவே கேட்டு வச்சுக்கோ.