எந்த நிறுவனத்தின் மதர்போர்டை நம்பி வாங்கலாம்?

புதிதாகக் கணினி அசெம்பிள் செய்யவிருக்கும் நீங்கள், ஆசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் ஆகிய நான்கில் எந்த நிறுவனத்தின் மதர்போர்டு நீண்ட நாள் உழைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எனக்கும் நண்பர்களுக்கும் கணினிகளைப் பூட்டித் தந்துவருபவன் என்ற முறையில் சொல்வதானால், இந்த நான்கில் எதை வாங்கினாலும் நிறுவனத்தின் பெயருக்காக வருந்த வேண்டியிருக்காது. தவறான மாடலைத் தேர்ந்தெடுத்தால்தான் வருந்த நேரிடும்.

நான்கும் தைவான் நிறுவனங்களே. ஜிகாபைட்டும் எம்எஸ்ஐயும் 1986இலும், ஆசுஸ் 1989இலும் தொடங்கப்பட்டவை. ஏஎஸ்ராக், 2002இல் ஆசுஸின் மலிவு விலைப் பிரிவாகப் பிறந்து பிறகு தனி வழியில் சென்றது. அதனால் அதை இன்றும் இரண்டாந்தரமாகப் பார்ப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. மேசைக் கணினிகளுக்கான மதர்போர்டுகளை இன்டெல்லும் ஒருகாலத்தில் தானே தயாரித்து விற்றது; அத்தொழிலிலிருந்து விலகுவதாக 2013இல் அறிவித்துவிட்டது. எவர் தயாரித்தாலும், ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்செட், ப்ராசஸர் நிறுவனங்களான இன்டெல்லிடமிருந்தோ ஏஎம்டியிடமிருந்தோதான் வருகிறது என்பதால், ஒரே சிப்செட் கொண்ட இரண்டு போர்டுகளின் அடிப்படை வசதிகள் பெரிதும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு மின்சாரம் வழங்கும் பகுதியிலும், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸிலும்தான் இருக்கிறது.

முதலில் மின்சாரப் பகுதி. பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை ப்ராசஸருக்குத் தேவையான ஒன்றேகால் வோல்ட் அளவுக்குக் குறைத்துத் தருவது, ப்ராசஸர் சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் என்னும் சுற்று. இன்டெல்லின் ஐ9 13900கே ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடும்போது 253 வாட் வரை இழுக்கும். அந்தக் குறைந்த மின்னழுத்தத்தில் அது ஏறத்தாழ 200 ஆம்பியர் ஆகிறது. அவ்வளவு மின்னோட்டம் விரல் அகலப் பாகங்களின் வழியாகப் போகும்போது எழும் வெப்பம்தான் போர்டின் ஆயுளைத் தின்கிறது. விஆர்எம்மில் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் ஒவ்வொரு கிளையும் ஒரு ஃபேஸ். விளம்பரத்தில் 16 ஃபேஸ் என்று போட்டிருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், ஏனென்றால் எட்டு ஃபேஸ்களை இரட்டை இரட்டையாக இணைத்துவிட்டுப் பதினாறு என்று எண்ணிச் சொல்வதும் உண்டு. ஒவ்வொரு ஃபேஸும் எத்தனை ஆம்பியர் தாங்கும், அதன் மேல் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் கனமான உலோகத் தகடு (ஹீட் சிங்க்) இருக்கிறதா, நீண்ட நேரச் சுமையில் வெப்பநிலையை அளந்து எவராவது விமர்சனம் வெளியிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லா நிறுவனங்களும் ஹீட் சிங்க்கே இல்லாத எளிய மாடல்களையும் விற்கின்றன. 65 வாட் வகை ப்ராசஸரை அலுவலக வேலைக்குப் பயன்படுத்துவோருக்கு அவை போதும், ஐ9 வைத்திருப்பவருக்குப் போதாது.

பெட்டியின் மேலுள்ள பெயர் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2000களின் தொடக்கத்தில், பலரும் மெச்சிய ஒரு நிறுவனத்தின் போர்டை வாங்கினேன். மூன்றாம் ஆண்டில் கணினி காரணமின்றி நின்று நின்று எழுந்தது. கேபினெட்டைத் திறந்தபோது, சாக்கெட்டின் அருகிலிருந்த மின்தேக்கிகள் (கெபாசிட்டர்கள்) தலை உப்பிப் பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தன. அந்தக் காலத்தில் உள்ளிருக்கும் திரவம் (மின்பகுதிரவம்) குறைபாடுள்ளதாக வந்த மின்தேக்கிகள் பல நிறுவனங்களின் போர்டுகளை ஒருசேரப் பழுதாக்கின. பாகங்களை வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தியவர்களில் பலர் அதிலிருந்து தப்பவில்லை. இன்று விஆர்எம் பகுதியில் திட பாலிமர் மின்தேக்கிகள் வழக்கமாகிவிட்டதால் அந்தத் தொல்லை ஏறக்குறைய ஒழிந்துவிட்டது.

அதனால் இப்போது நான் அதிகம் கவனிப்பது பயாஸைத்தான். 2023இல் ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில, சாக்கெட்டோடு சேர்ந்து கருகியபோது, ப்ராசஸருக்குள் நினைவகக் கட்டுப்பாடு முதலியவை உள்ள பகுதிக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு ஏஎம்டி 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு விதித்தது. அந்த வரம்பு புதிய பயாஸ் வழியாகத்தான் பயனரின் கணினியை எட்டியது. 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் நிலைகுலைந்தபோதும் திருத்தம் அதே வழியில்தான் வந்தது. ஆகவே, வாங்க நினைக்கும் மாடலின் ஆதரவுப் பக்கத்துக்குச் சென்று, பயாஸ் பதிப்புகளின் தேதிகளை வரிசையாகப் படியுங்கள். அதே நிறுவனத்தின் நான்கைந்து ஆண்டு பழைய மாடல் ஒன்றையும் எடுத்துப் பாருங்கள். அதற்கு இன்னும் பதிப்பு வருகிறதா, ஓராண்டிலேயே கைவிட்டார்களா என்பது அங்கே அப்பட்டமாகத் தெரியும். 2017இல் வந்த, ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் கொண்ட போர்டுகள் பலவற்றுக்கு 2022இல்கூட ரைசன் 5000 ஆதரவு கிடைத்தது என்பதால், இந்தச் சோதனை வீண்வேலை அல்ல.

ப்ராசஸர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாகப் பாருங்கள். உத்தரவாதக் காலத்தைவிட, பழுதானால் உங்கள் பகுதியில் யார் வாங்கிக்கொள்வார்கள் என்பதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். பெட்டியைத் திறந்ததும் சாக்கெட்டின் பின்களைத் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின் வளைந்திருந்தால் பெரும்பாலும் உத்தரவாதம் செல்லாது, குற்றம் உங்கள் மீதே விழும்.

என் சொந்தத் தேர்வைக் கேட்டால், இன்டெல் ஐ5 அளவிலான ப்ராசஸருக்கு பி760, ஏஎம்டி ரைசன் 5 அளவிலான ப்ராசஸருக்கு பி650 சிப்செட் கொண்ட, விஆர்எம் மேல் ஹீட் சிங்க் உள்ள நடுத்தர மாடல் ஒன்றை இந்த நான்கு நிறுவனங்களில் எதிலிருந்தும் தயங்காமல் வாங்குவேன். எந்த ப்ராசஸர், எத்தனை ரேம், எத்தனை மணிநேரப் பயன்பாடு என்று எழுதினால் மாடல் வாரியாகச் சொல்ல முடியும்.