உச்சியை விடுங்கள், நடுவழியைப் படியுங்கள்

கேள்வி: பதினான்கு வருடங்களாக நர்ஸாக இருக்கிறேன். கடைசி ஐந்து வருடம் ஐ.சி.யு. இன்சார்ஜ். எங்கள் செவிலியர் கண்காணிப்பாளர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்தப் பொறுப்பை ஏற்கச் சொல்லி நிர்வாகம் என்னிடம் கேட்டிருக்கிறது. பதில் சொல்ல இரண்டு வாரம் அவகாசம். தைரியம் வரட்டும் என்று மருத்துவத் துறையில் பெரிய பெயர் எடுத்தவர்களின் வாழ்க்கை வரலாறுகளையும் பேட்டிகளையும் தேடித் தேடிப் படிக்கிறேன். படிக்கப் படிக்க இருந்த தைரியமும் குறைகிறது. அவர்கள் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே ஒரு லட்சியம் இருந்திருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் இல்லை. வேலை கிடைத்தது, செய்தேன், பிடித்துப்போனது. மருத்துவமனை நிர்வாகத்தில் பட்டமும் இல்லை. அதைப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிடலாமா? இவர்களிடமிருந்து என்னைப் போன்ற ஒருத்தி எதைத்தான் கற்றுக்கொள்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

‘வேலை கிடைத்தது, செய்தேன், பிடித்துப்போனது’ என்ற வரியை ஒரு குறையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்பது இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நானும் அப்படி வந்தவள்தான். முப்பது வருடத்துக்கும் மேல் வார்டிலும் பிறகு நிர்வாகத்திலும் இருந்திருக்கிறேன். நான் பார்த்த நல்ல வேலைக்காரர்களில் பெரும்பாலோர் அப்படி வந்தவர்களே. அவர்களில் யாராவது பெயர் பெற்றுவிட்டால் கதையைக் கடைசியிலிருந்து சொல்லத் தொடங்குகிறார்கள். முடிவு தெரிந்த பிறகு சொல்லும்போது, தடுமாறிய இடமெல்லாம் முன்பே கட்டிவைத்த படிக்கட்டாகத் தெரிகிறது. அந்தப் படிக்கட்டைப் பார்த்துத்தான் நீங்கள் மலைக்கிறீர்கள்.

சிசிலி சாண்டர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மரணத்தை நெருங்கும் நோயாளிகளின் வலியைத் தணிப்பதற்கென்று 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தவர். இன்று நாம் வலி தணிப்புச் சிகிச்சை என்று சொல்கிற துறையே பெரிதும் அவர் வழியாக வந்தது. பேட்டியிலும் மேடையிலும் அந்த 1967 தான் ஒலிக்கும். நீங்கள் அதற்கு முன்னால் இருக்கும் வருடங்களில் விரலை வைத்துப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் படிக்கப் போனது அரசியலும் பொருளாதாரமும். போர் வந்ததும் அதைப் பாதியில் விட்டுவிட்டு நர்ஸ் பயிற்சிக்குப் போனார். முதுகுவலி அந்த வேலையைத் தொடர விடவில்லை. திரும்பிப் போய்ப் பட்டத்தை முடித்து, மருத்துவமனையில் சமூகப் பணியாளராகச் சேர்ந்தார். அங்கேதான் டேவிட் தாஸ்மா என்ற போலந்து யூத அகதி புற்றுநோயோடு இறந்துகொண்டிருந்தார். சாண்டர்ஸ் அவரோடு பேசிப் பேசித்தான், இப்படிப்பட்டவர்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்துக்கு வந்தார். 1948-ல் தாஸ்மா இறந்தபோது, அந்த இடத்தில் ஒரு ஜன்னலாக இருக்க விரும்புவதாகச் சொல்லி 500 பவுண்டு விட்டுச் சென்றார்.

எண்ணம் வந்துவிட்டது, கொஞ்சம் பணமும் இருந்தது. இடம் திறந்தது 19 வருடம் கழித்து. நாம் படிக்க வேண்டியது அந்த 19 வருடத்தைத்தான்.

முதலில் அவர் மாலை நேரங்களில், இறக்கும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் செயின்ட் லூக்ஸ் என்ற இடத்துக்குத் தன்னார்வ நர்ஸாகப் போனார். மற்ற மருத்துவமனைகளில் வலி திரும்பி வந்து நோயாளி துடித்துக் கேட்ட பிறகே மருந்து கொடுப்பார்கள். அங்கேயோ, வலி வருவதற்கு முன்பே மணிக்கணக்கு வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிகள் விழிப்போடும் அமைதியோடும் இருந்தார்கள். அந்த வழக்கத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. யாரும் பெரிதாகப் பேசாத ஓர் இடத்தில் நர்ஸ்கள் செய்துகொண்டிருந்ததைக் கவனித்து எடுத்துக்கொண்டார். பிறகு, இறப்பவர்களைப் பார்த்துக்கொள்ள மீண்டும் நர்ஸாகப் போகலாமா என்று தனக்குத் தெரிந்த அறுவை மருத்துவர் ஒருவரிடம் கேட்டார். நர்ஸாகச் சொன்னால் கேட்க மாட்டார்கள், இறப்பவர்களைக் கைவிடுவது மருத்துவர்கள்தான், ஆகவே மருத்துவம் படி என்றார் அவர். 33 வயதில் மருத்துவ மாணவியானார். 1957-ல் படிப்பை முடித்தார். அடுத்த வருடத்திலிருந்து செயின்ட் ஜோசப்ஸ் ஹாஸ்பிஸில் 1,000-க்கும் அதிகமான நோயாளிகளைப் பற்றி விரிவான குறிப்புகள் எடுத்தார். அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் மற்ற மருத்துவர்களிடம் பேசினார்.

அவருடைய குடும்பம் வசதியானது என்பதையும் மறக்காதீர்கள். 33 வயதில் மறுபடி வகுப்பில் உட்கார முடிந்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஒருவரின் பாதையைப் படிக்கும்போது, வீட்டுப் பாரத்தை யார் சுமந்தார்கள், சம்பளம் இல்லாத மாதங்களில் யார் தாங்கினார்கள் என்றும் கேளுங்கள். பேட்டிகளில் அது வராது. அது தெரியாமல் ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களையே நீங்கள் வீணாகக் குறைத்து மதிப்பிடுவீர்கள்.

இங்கே உங்கள் பட்டப்படிப்புக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. எது தடுக்கிறது என்று சரியாகத் தெரிந்த பிறகுதான் சாண்டர்ஸ் படிக்கப் போனார். வர்ஜீனியா ஆப்காரும் அப்படியே. குழந்தை பிறந்ததுமே அதன் நிலையை மதிப்பிட நாம் போடும் ஆப்கார் ஸ்கோர் என்ற மதிப்பெண் அவருடையதுதான். அறுவை மருத்துவராக வேண்டும் என்று வந்தவரை, அவருடைய துறைத் தலைவரே மயக்கவியல் (அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும் துறை) பக்கம் திருப்பிவிட்டார். 1938-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் பிரிவின் பொறுப்பை ஏற்று, பதினோரு வருடம் அதை வளர்த்தார். 1949-ல் அது தனித்துறை ஆனபோது தலைவர் நாற்காலி இன்னொருவருக்குப் போனது. ஆப்கார் பேராசிரியராகத் தொடர்ந்தார். நிர்வாகச் சுமை இறங்கியதும் பிரசவ அறைப் பக்கம் போனார். 1952-ல் அந்த ஸ்கோரை முன்வைத்தார். பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியது 1959-ல், ஏறத்தாழ 50 வயதில். புள்ளிவிவரங்களையும் பிறவிக் குறைபாடுகளையும் இன்னும் ஆழமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற தேவை வந்த பிறகு.

ஆகவே, படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லாதீர்கள். பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு வருடம் வேலை பார்த்தால், பட்ஜெட் புரியவில்லையா, சட்டம் புரியவில்லையா, ஆட்களை நடத்துவது வரவில்லையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அப்போது படிப்பைத் தேர்ந்தெடுங்கள். இப்போது போனால் பயத்துக்கு மருந்தாகத்தான் படிப்பீர்கள்.

சின்ன வயது லட்சியம் பற்றி ஒரு வார்த்தை. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமிக்கு அது இருக்கத்தான் செய்தது. ஆனால் அவர் ஆக விரும்பியது மகப்பேறு மருத்துவர். மூட்டுவாதம் கைவிரல்களைக் கோணலாக்கிவிட்டது. கண் மருத்துவத்துக்கு மாறி, தன் கைக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு அறுவை செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 58 வயதில், 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்தைத் தொடங்கினார். அவரோடு நின்றவர்களில் அவருடைய தங்கையும் தங்கையின் கணவரும் உண்டு. இருவருமே கண் மருத்துவர்கள்.

இனி, நான் தப்பாகப் படித்த ஒன்றைச் சொல்கிறேன்.

முதன்முதலில் பொறுப்புக்கு வந்தபோது என் மேசையில் நைட்டிங்கேல் படம் இருந்தது. விளக்கேந்திய படம்தான். அதைப் பார்த்துப் பார்த்து, நானும் இரவில் வார்டு வார்டாகச் சுற்ற ஆரம்பித்தேன். நைட் ட்யூட்டிப் பிள்ளைகள் என் காலடி கேட்டாலே கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள். ஆறு மாதம் அப்படியே போனது. அந்த ஆறு மாதத்தில் ஒரு வார்டில் மட்டும் நோயாளிகள் கட்டிலிலிருந்து விழுவது கூடிக்கொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. எல்லாம் விடியற்காலை நான்கிலிருந்து ஆறு மணிக்குள். அந்த நேரத்தில் ரத்த மாதிரி எடுக்கும் வேலையையும் சேர்த்துக் கொடுத்திருந்ததால், கழிவறைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. விபத்துப் பதிவேட்டை உட்கார்ந்து படித்திருந்தால் முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும். ஒரு மூதாட்டியின் இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் நான் பதிவேட்டைத் திறந்தேன். அந்த அம்மாவின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

பிறகுதான் நைட்டிங்கேலைச் சரியாகப் படித்தேன். கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த 1854 நவம்பரில், துருக்கியில் இருந்த ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்கு அவர் போய்ச் சேர்ந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கே சாவு குறையவே இல்லை. 1855 மார்ச்சில் சுகாதாரக் குழு ஒன்று வந்து, கட்டடத்தின் அடியில் அடைத்துக்கிடந்த சாக்கடையைச் சுத்தம் செய்து காற்றோட்டத்தைச் சரிப்படுத்திய பிறகே எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. நாடு திரும்பியதும் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு உட்கார்ந்து அந்தச் சாவுகளை மாத வாரியாகப் பிரித்தார். காயத்தால் செத்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் செத்தவர்களே மிக அதிகம் என்று 1858-ல் வரைபடமாகவே போட்டுக் காட்டினார். தன் கண்முன்னே, தன் பொறுப்பில் இருந்த இடத்தில் நடந்ததை அவர் எண்ணிப் பார்க்கத் துணிந்தார். நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது அந்தக் கணக்கை. எடுத்துக்கொண்டது விளக்கை.

இன்னொரு ஜோடிக் கதை உங்கள் ஐ.சி.யு.வுக்கு மிக நெருக்கமானது. 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் வரும் மருத்துவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மார் சாவு சில மாதங்களிலேயே 2 அளவுக்கு இறங்கியது. அவர் சொன்னது சரி. ஆனால் அதை நூலாக எழுதி வெளியிட்டது 1861-ல்தான். ஏற்காதவர்களைக் கொலைகாரர்கள் என்றே கடிதங்களில் சாடினார். 1865-ல் மனநல விடுதியில் இறந்தார்.

அதே கை கழுவும் விஷயத்தை 2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை ஐ.சி.யு.வில் பீட்டர் புரோனவோஸ்ட் என்ற மருத்துவர் எடுத்தார். சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்த நாளத்துக்குள் செருகும் குழாய், போடுவதற்கு ஐந்து படிகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல். புதிதாக அதில் எதுவும் இல்லை. முதலில் ஒரு மாதம் நர்ஸ்களை வெறுமனே கவனிக்கச் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் மருத்துவர்கள் ஒரு படியையாவது விட்டுவிட்டது தெரிந்தது. பிறகு வேண்டிய பொருளையெல்லாம் ஒரே தள்ளுவண்டியில் வைக்க ஏற்பாடு செய்தார். ஒரு படி தவறினால் நர்ஸ் மருத்துவரை நிறுத்தலாம், நிர்வாகம் நர்ஸ் பக்கம் நிற்கும் என்று முன்கூட்டியே வாக்கு வாங்கினார். பின்னர் மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் இதே முறையில் அந்தக் குழாய் வழியாக வரும் தொற்று மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. 2006-ல் அந்த முடிவு வெளியானது.

பட்டியலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் பெரியது அந்த வாக்குத்தான். ‘டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்கள்’ என்று சொல்ல ஒரு சின்னப் பெண் எவ்வளவு பயப்படுவாள் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களே அந்தப் பெண்ணாக இருந்திருப்பீர்கள். ஆகவே சரி என்று சொல்வதற்கு முன்பு நிர்வாகத்திடம் இதைக் கேளுங்கள்: பாதுகாப்புக்காக என் நர்ஸ் ஒரு செயலை நிறுத்தினால் என் பின்னால் யார் நிற்பார்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாரத்தில் ஒரு ஷிஃப்டாவது வார்டில் இருக்க அனுமதியும் கேளுங்கள். பதவியில் உட்கார்ந்த பிறகு கேட்டால் இவை கிடைப்பது கடினம். இப்போது அவர்களுக்கு உங்கள் சம்மதம் தேவைப்படுகிறது.

கடைசியாக ஒன்று. தேடித் தேடிப் படித்த பிரபலங்களைப் பற்றி அத்தனை வரி எழுதிய நீங்கள், ஓய்வு பெறப்போகும் கண்காணிப்பாளரை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நீங்கள் உட்காரப்போகும் நாற்காலியில் இத்தனை காலம் இருந்தவர் அவர். அவரைப் பற்றி யாரும் புத்தகம் எழுதப்போவதில்லை. அடுத்த மாதம் அவர் போய்விடுவார். இந்த வாரமே அரை நாள் கேளுங்கள். அவருடைய வெற்றியின் ரகசியம் வேண்டாம். முதல் வருடத்தில் எந்த முடிவை மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது, எந்த மருத்துவரோடு மோதல் வந்தது, அது எப்படித் தீர்ந்தது, வேலையை விட்டுப் போன நர்ஸ்களில் யாரைத் தடுத்து நிறுத்தியிருக்கலாம் என்று இன்று நினைக்கிறார், எந்தப் பதிவேட்டை முதலில் திறப்பார் என்று கேளுங்கள். பேச்சு அவர் வாழ்க்கைக்கும் போனால் போகட்டும். வீட்டில் குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லட்டும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள்.