உடம்பா, மனமா: எதை முதலில் கவனிப்பது?

"நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. உடம்பு அசதி, மனமோ ஓயாமல் படபடக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உடம்பிலிருந்துதான் என்பேன். படபடப்பை 'சும்மா இரு' என்று அதட்டினால் அடங்காது. மூச்சு சொன்னால் ஓரளவு கேட்கும்.

மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைக் கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது தணியும். மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்குப் போடும் கடிவாளம்தான் அப்படித் தணிக்கிறது. அதனால் 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருந்ததே அப்போதுதான் தெரியவரும்.

அப்புறம் தூக்கம். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். இதில் குறை வைத்துவிட்டு வேறு எதைச் செய்தாலும் ஒட்டாது. சரியாகத் தூங்காத மறுநாள் சின்னச் சொல்கூடச் சுருக்கென்று தைக்குமே, கவனித்திருப்பீர்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து பழகுங்கள்.

நடைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. பிரித்துப் பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும்.

எதிலும் பிடிப்பில்லாத சோர்வு இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை என்றால், தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள்.