அமெரிக்க ஹோட்டல் பயிற்சிக்கு நாலரை லட்சம்: கட்டலாமா?

திண்டுக்கல்லில் இருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகன் ஹோட்டல் மேனேஜ்மென்ட் இறுதியாண்டு. அமெரிக்காவில் ஒரு ரிசார்ட்டில் 12 மாதம், சம்பளத்துடன் பயிற்சி. ஏஜென்ட் கேட்பது நாலரை லட்சம். முன்பணம் 50,000 கொடுத்தாயிற்று. மீதியை இந்த வாரத்துக்குள் கட்டாவிட்டால் ‘ஸ்லாட்’ போய்விடும் என்கிறார்களாம். நகையை அடகு வைக்கலாமா?

ஐயா, இப்போதைக்கு அடகுக் கடைப் பக்கம் போக வேண்டாம். இப்படி ஒரு பயிற்சி உண்மையிலேயே இருக்கிறது, நம் பிள்ளைகள் போய் வந்துகொண்டும் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய காகிதங்களில் ரிசார்ட் பெயர் போட்ட ஆஃபர் லெட்டர் மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து யாரும் விசா வாங்க முடியாது.

இந்தப் பயிற்சிக்கான விசா ஜே-1. கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவரோ, படிப்பை முடித்து 12 மாதம் தாண்டாதவரோ இன்டர்னாகப் போகலாம். அதிகபட்சம் 12 மாதம். இதில் ரிசார்ட்டை விட முக்கியமான ஆள் ஸ்பான்சர், அதாவது உங்கள் மகனின் பயிற்சிக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த நிறுவனங்கள்தான் ஸ்பான்சர் ஆக முடியும். அந்தப் பட்டியலை அத்துறையின் ஜே-1 இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விசாவுக்கு அடிப்படையான டிஎஸ்-2019 என்ற படிவத்தை ஸ்பான்சர் மட்டுமே தர முடியும். ரிசார்ட்டாலும் முடியாது, உங்கள் ஏஜென்ட்டாலும் முடியாது. ஆகவே ஏஜென்ட்டிடம் முதலில் கேட்க வேண்டியது: “ஸ்பான்சர் யார்?” பெயர் வந்தால் பட்டியலில் தேடுங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு உங்கள் மகனே நேரடியாக எழுதி, தன் விண்ணப்பம் அங்கே இருக்கிறதா என்று கேட்கட்டும். ஏஜென்ட் கொடுக்கும் தொலைபேசி எண்ணில் கேட்டுப் பயனில்லை.

இன்னொரு காகிதம் டிஎஸ்-7002, அதாவது பயிற்சித் திட்டம். எந்த மாதம் எந்தப் பிரிவில், யார் மேற்பார்வையில், என்ன கற்றுக்கொள்வான் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் மகன், ஸ்பான்சர், ரிசார்ட் மேற்பார்வையாளர் மூவரும் கையெழுத்திட வேண்டும். ஹோட்டல் துறையில் ஆறு மாதமோ அதற்கு மேலோ பயிற்சி என்றால் குறைந்தது மூன்று பிரிவுகளில் சுழற்சி இருக்க வேண்டும் என்பது விதி. 12 மாதமும் ஹவுஸ்கீப்பிங் என்றால் அது பயிற்சியே இல்லை, குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பது. இந்தப் படிவத்தை மகன் வரி வரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. தூதரக நேர்காணலில் இதை வைத்துத்தான் கேள்வி வரும் என்று எதிர்பார்த்துத் தயாராகட்டும்.

பணத்துக்கு வருவோம். அமெரிக்க அரசுக்குப் போவது முக்கியமாக இரண்டு கட்டணம்: வெளிநாட்டு மாணவர், பயிற்சியாளர் விவரங்களைப் பதியும் செவிஸ் அமைப்புக்கு 220 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 35,000 ரூபாய். டிஎஸ்-2019 படிவத்தில் ‘என்’ எழுத்தில் தொடங்கும் எண் ஒன்று இருக்கும். அது இல்லாமல் செவிஸ் கட்டணத்தைக் கட்டவே முடியாது. படிவம் வருமுன்பே “செவிஸ் கட்டணும்” என்று பணம் கேட்டால் சந்தேகமே வேண்டாம், அவர் பொய் சொல்கிறார். மிச்சம் ஸ்பான்சர் கட்டணம், காப்பீடு, விமான டிக்கெட், ஏஜென்ட்டின் பங்கு. ஸ்பான்சர் கட்டணம் கொஞ்சம் பெரியதுதான். ஆனால் எவ்வளவு என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். நாலரை லட்சத்தையும் இப்படிப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். விசா மறுக்கப்பட்டால் எது திரும்பி வரும் என்பதும் அதிலேயே இருக்கட்டும். எழுதித் தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச எதுவுமில்லை.

பாஸ்போர்ட்டையோ ஒரிஜினல் மார்க் ஷீட்டையோ “ஆபீசில் இருக்கட்டும்” என்று வாங்கி வைத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அடமானப் பொருளில்லை.

“முதல்ல டூரிஸ்ட் விசாவில் போகட்டும், அங்கே போய் மாத்திக்கலாம்” என்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்கச் சுற்றுலா விசாவில் வேலை செய்வது சட்டமீறல். விசா நேர்காணலில் பொய் சொல்லி மாட்டினால் வாழ்நாள் தடை வரை போகலாம். தென்கிழக்கு ஆசியாவில் நடப்பது இன்னும் மோசம். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று அழைத்துப்போன இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, இணைய மோசடி செய்யவைத்தார்கள். 2022 செப்டம்பரில் நம் வெளியுறவு அமைச்சகமே இதைப் பற்றி எச்சரித்தது. சிக்கியவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், பலரும் கணினி தெரிந்தவர்கள்.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய கவலை கடன். காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும், இன்டர்ன் சம்பளத்தில் வாடகை, சாப்பாடு போக மிஞ்சுவதை வைத்து நகையை மீட்கக் கணக்குப் போடாதீர்கள். வீட்டில் வட்டி ஏறுகிறது என்ற நினைப்பிலேயே பிள்ளை அநியாயத்தைச் சகித்துக்கொண்டு கிடப்பான். ரிசார்ட் பிடிக்கவில்லை என்று அவனாகவே வேறு இடத்துக்குத் தாவவும் முடியாது. ஸ்பான்சர் சம்மதம் வேண்டும். “அப்படியே கிரீன் கார்டு” என்று யாராவது ஆசை காட்டியிருந்தால் அதையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். 12 மாத அனுபவமும் சான்றிதழும்தான் வரவு.

கொடுத்த 50,000-க்கு ரசீது இருக்கிறதா? வங்கி வழியாகப் போயிருந்தால் அந்த விவரத்தை எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்க வேண்டாம். ஸ்பான்சர் பெயரை ஒரு வாரம் கெடு வைத்துக் கேளுங்கள். வராவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். ஆன்லைனில் ஏமாற்றப்பட்டதாக இருந்தால் இணையக் குற்ற உதவி எண் 1930-க்கும் அழைக்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்ற ஏஜென்ட்டுகள் பட்டியல் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் அதில் பதிந்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். “நாங்க கன்சல்டன்சிங்க, எங்களுக்கு அந்த விதி வராது” என்பார் உங்கள் ஏஜென்ட். சரி, அதையும் லெட்டர்பேடில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.