கேள்வி-பதில்: பதக்கத்தில் இருப்பது பியானோவின் வயது இல்லை

கேள்வி: பாட்டி காலமான பிறகு அவருடைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும்) பியானோ என் பங்குக்கு வந்தது. கட்டைகளை மூடும் பலகையின் உள்பக்கம் ஒரு கம்பெனியின் பெயர், பதக்கப் படங்கள், 1878 என்ற வருடம். ஏறக்குறைய 150 வயது என்று எடுத்துக்கொள்ளலாமா? என்ன விலைக்குப் போகும்?

பதில்: எடுத்துக்கொள்ள முடியாது. 1878 பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்த வருடம். அங்கே பரிசு வாங்கிய கம்பெனிகள் அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு அந்தப் பதக்கத்தைத் தங்கள் பியானோக்களில் போட்டுக்கொண்டார்கள். அதனால் உங்களுடையது 1878க்கு முன்னால் செய்ததில்லை என்பது மட்டும்தான் தெரிகிறது. கம்பெனி தொடங்கிய வருடத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. ஸ்டைன்வே, பெக்ஸ்டைன், புளூத்னர் மூன்றுமே 1853இல் தொடங்கியவை, பெயருக்குக் கீழே அந்த வருடம் இருந்தால் பியானோவும் அன்றைக்கே பிறந்தது என்று அர்த்தமில்லை.

உங்களுக்கு வேண்டியது வரிசை எண். மேல்மூடியைத் தூக்கி உள்ளே டார்ச் அடியுங்கள். தந்திகளை முறுக்கும் ஆணிகள் நெருக்கமாக நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், இரும்புச் சட்டத்திலோ மரத்திலோ ஒரு எண் குத்தியிருக்கும் அல்லது எழுதியிருக்கும். சட்டத்தோடு சேர்த்து வார்த்து, புடைத்துக்கொண்டு நிற்கும் எண் பெரும்பாலும் வார்ப்பு அச்சின் எண், அதை நம்பவேண்டாம். மேலே கிடைக்கவில்லையா, முதுகுப்பக்கம் பாருங்கள். சிலவற்றில் இடது கோடிக் கட்டையை வெளியே எடுத்தால் அதன் பக்கவாட்டில் எண்ணோ தேதியோ இருக்கும், ஆனால் அதை டியூனரே (சுருதி சேர்ப்பவரே) எடுக்கட்டும். கம்பெனிப் பெயரும் எண்ணும் கிடைத்துவிட்டால் பியர்ஸ் பியானோ அட்லஸ் மாதிரியான பட்டியல்களில் வருடம் தேடலாம்.

விலைக்கு வருவோம். பழசாக இருப்பதற்காக யாரும் பணம் தருவதில்லை. ஏறக்குறைய 220 தந்திகள், எல்லாம் சேர்த்துப் பல டன் இழுவிசை. அதைத் தாங்கும் ஆணிகள் மரத்தில் இறுக்கமாக இருக்கின்றனவா, இன்றைய சுருதிக்கு ஏற்றினால் நிற்குமா, இதுதான் கேள்வி. முழு வார்ப்பிரும்புச் சட்டம், பாஸ் (கனத்த ஒலி தரும்) தந்திகள் மற்றவற்றைக் குறுக்கே கடந்துபோகும் அமைப்பு, தந்தியை அடிக்கும் சுத்தியலுக்குக் கீழே டாம்பர் (தந்தியின் அதிர்வை அடக்கும் பகுதி), இவை இருந்தால் நல்லது. டாம்பர்கள் மேலே இருந்து, முன்னால் கம்பிக்கூண்டு போலத் தெரிந்தால் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். பெரும்பாலான பழைய அப்ரைட்டுகள் தூக்கிப்போகும் கூலிக்குக்கூடத் தேறுவதில்லை, வருத்தமாக இருந்தாலும் உண்மை இதுதான். வீட்டில் யாராவது வாசிப்பார்கள் என்றால் விற்காதீர்கள்.

கேள்வி: அப்பா இறந்த பிறகு ஒருவர் அவருடைய பியானோவை இலவசமாக மதிப்பிடுகிறேன் என்று வந்தார். சவுண்ட்போர்டில் (தந்திகளின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகையில்) விரிசல் விட்டுவிட்டது, விறகுக்குத்தான் ஆகும் என்று செய்தியும் அனுப்பி, சொற்பப் பணம் கொடுத்து மறுநாளே எடுத்துப்போனார். இப்போது அதே பியானோ அவருடைய விளம்பரத்தில், 'அருமையான நிலையில்' என்ற வர்ணனையோடு. தப்பு என் மேலா?

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. துக்க வீட்டுக்குள் வந்து பொய் சொன்னவர் அவர். எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்காத விஷயம் இது: விலை சொல்கிறவரே வாங்குகிறவராகவோ விற்கிறவராகவோ இருப்பது. அவர் குறைத்துச் சொல்லும் ஒவ்வொரு காசும் அவர் பைக்குள் போகிறது, அப்புறம் எப்படி அது மதிப்பீடு ஆகும்? நான் ஒரு பழைய சுவர்க்கடிகாரம் வாங்கினேன், 'உள்ளே எல்லாம் அசல்' என்று சான்று எழுதிக்கொடுத்தவர் அந்தக் கடைக்கே பங்குதாரர் என்பது பிறகுதான் தெரிந்தது. பின்பக்க மூடியைத் திறந்தால் உள்ளே புத்தம்புது மெஷின். சவுண்ட்போர்டில் விரிசல் இருந்தாலே பியானோ செத்துவிட்டது என்பதும் பொய், பின்னால் இருக்கும் சட்டங்கள் பெயராமல், அதிர்வுச் சத்தம் வராமல் இருந்தால் அது நன்றாகவே பாடும். பியானோவில் தனக்கு வாங்கவோ விற்கவோ எதுவும் இல்லாத டியூனரிடம் கூலி கொடுத்து மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். நீங்கள் அந்தச் செய்தியையும் விளம்பரத்தையும் இன்றைக்கே படம் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். விறகு என்று சொன்னதும் அருமை என்று சொன்னதும் ஒரே ஆள், அதற்கு அவர் பதில் சொல்லட்டும்.

கேள்வி: படம் பார்த்துப் பிடித்துப்போய் முழுப்பணமும் அனுப்பிவிட்டேன். வந்த பியானோவில் சுருதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

பதில்: படத்தில் சுருதி கேட்குமா? ஒரு கட்டையைக்கூட அழுத்திப் பார்க்காமல் 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருளை வீட்டுக்குள் இறக்கியிருக்கிறீர்கள். ஆணி பதிந்த மரம் பிளக்காமல் இருந்தால் கொஞ்சம் தடித்த ஆணி அடித்துச் சரிசெய்யலாம். பிளந்திருந்தால் செலவு பியானோவின் விலையைத் தாண்டும்.

கேள்வி: வெள்ளைக் கட்டைகள் தந்தமாம். கழற்றி வெளிநாட்டுக்கு விற்கலாமா?

பதில்: தொடாதீர்கள். சைட்டிஸ் என்பது அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்; அதன் மிகக் கடுமையான பட்டியலில் ஆசிய யானை 1975 முதல், ஆப்பிரிக்க யானை (இப்போது சில நாடுகளில் உள்ளவை நீங்கலாக) 1990 முதல். தந்தக் கட்டையுள்ள பியானோவை முழுசாக எல்லை தாண்டி அனுப்பவே அனுமதிச் சீட்டு கேட்பார்கள்.

கேள்வி: விற்பதற்கு முன் வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கலாமா?

பதில்: வேண்டாம், தூசி துடைத்தால் போதும். புது வார்னிஷைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர் எதை மறைத்திருக்கிறீர்கள் என்றுதான் தேடுவார்.