கரித்துணி என்று எதைச் சொல்கிறார்கள்?

கேள்வி: நான் மும்பையில் வளர்ந்தவள். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. அன்றைக்கு மாமியார் "அந்தக் கரித்துணியை எடும்மா" என்றார். சிங்க் ஓரம் கிடந்த அழுக்குத் துணியைப் பிழிந்து கொடுத்தேன். அதைப் பிடித்துப் பால் பாத்திரத்தை இறக்கியவர் விரலைச் சுட்டுக்கொண்டார். கேஸ் அடுப்பு வீட்டில் கரி எங்கே இருக்கிறது? கரித்துணி என்றால் எந்தத் துணி? அதில் ஏறிய மஞ்சள் கறையும் போகவே மாட்டேன் என்கிறதே?

பதில்: பெயரைக் கேட்டால் யாருக்கும் அழுக்குத் துணி என்றுதான் தோன்றும். "துவைக்காமல் கரித்துணி மாதிரி வச்சிருக்கியே" என்று சட்டையைப் பார்த்துத் திட்டுவதும் உண்டு. ஆனால் சமையல்கட்டில் அது ஒரு வேலையின் பெயர். விறகடுப்புக் காலத்தில் பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. அதைப் பிடித்து இறக்கவும், அடுப்பு மேடையைத் துடைக்கவும் தனியாக ஒரு துணி இருந்தது. அதுதான் கரித்துணி. கரி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. சில வீடுகளில் இதையே பிடிதுணி, கைப்பிடித் துணி என்பார்கள்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. சிலர் 'கறித்துணி' என்று எழுதுகிறார்கள்; அது குழம்பில் போடும் கறி. அடுப்புக் கரிக்கு இடையின ரகரம். 'கரித்துணி'யில் த் வரும், 'பிடிதுணி'யில் வராது. பிடித்த துணி, பிடிக்கிற துணி, பிடிக்கும் துணி என்று மூன்று காலத்துக்கும் விரிகிற வினைத்தொகை அது, ஊறுகாய் மாதிரி.

சரி, கை சுட்ட விஷயம். துணி கையைக் காப்பாற்றுவது அதன் இழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்றால்தான். துணி நனைந்தால் அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துவிடும். தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். பாத்திரம் நன்றாகக் காய்ந்திருந்தால் ஈரம் ஆவியாகி அதுவும் சுடும். நீங்கள் பிழிந்துதான் கொடுத்தீர்கள், ஆனால் பிழிந்த துணியும் ஈரத்துணிதானே. ஆகவே பிடிப்பதற்கு ஒன்று, மேடை துடைக்க ஒன்று என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கிற துணி சிங்க் பக்கமே போகக் கூடாது, ஆணியில் தொங்கட்டும்.

துணி பருத்தியாகவே இருக்க வேண்டும். பழைய வேட்டியை ஒரு முழச் சதுரமாகக் கிழித்து, நாலாக மடித்து, ஓரம் தைத்தால் அதைவிட நல்ல கரித்துணி கடையில் கிடைக்காது என்பது என் கட்சி. மடிக்காமல் நீளமாகப் பிடித்தால் தொங்குகிற முனை எரிகிற பர்னரைத் தொட்டுவிடும்; எண்ணெய் ஏறிய துணி திரி மாதிரி பிடித்துக்கொள்ளும். கலர் கலராக வரும் மைக்ரோஃபைபர் துணி கண்ணாடி துடைக்கப் பிரமாதம், ஆனால் அடுப்பருகே வேண்டாம். அது பெரும்பாலும் பாலியஸ்டரும் நைலானும். பருத்தி கருகும், இவை உருகித் தோலில் ஒட்டும்.

இன்னொன்று. கேஸ் அடுப்பு வீட்டிலும் கரித்துணியில் நிஜமாகவே கரி ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் துணியை விட்டுவிட்டு பர்னரைக் கவனியுங்கள். தீ நீலமாக எரிந்தால் கரி படியாது. மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால், கேஸ் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். பர்னர் ஓட்டைகளில் பொங்கிய பால் அடைத்திருக்கும். ஆறிய பிறகு கழற்றி, ஊசியால் குத்திச் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்ததும் மாட்டுங்கள். அப்புறமும் மஞ்சளாகவே எரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

துவைப்பதற்கு: மேடை துடைக்கிற துணியை அன்றன்றைக்கே சோப்புப் போட்டு அலசி விரித்துக் காயப் போடுங்கள். சுருட்டி வைத்த ஈரத்துணியில் கிருமி வெகு வேகமாகப் பெருகும். அந்தப் புளித்த வாடை அதன் அடையாளம். வாரத்துக்கு ஒருமுறை, கொதிக்கிற தண்ணீரில் ஒரு ஸ்பூன் சலவை சோடா போட்டு அரை மணி நேரம் ஊற வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு விட்டுப்போகும். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் வேண்டாம். அது இழைமேல் படிந்து, துணி தண்ணீரை உறிஞ்சுவதைக் குறைத்துவிடும்.

மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறும், பயப்படாதீர்கள். மஞ்சளில் உள்ள நிறம் காரத்தில் சிவக்கும், அலச அலச மறுபடி மஞ்சளாகும். அதே நிறத்துக்கு வெயில் ஆகாது. ஈரத்தோடு மொட்டை மாடிக் கொடியில் உச்சி வெயிலில் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் பெருமளவு வெளுத்துவிடும். பிளீச்சுக்கு அவசியமே இருக்காது.